படகிழுக்கும் வின்சுக்கு மோட்டரும் சங்கிலியும்



கரைக்கு வந்த படகை மணல்மேல் ஏற்றுவதற்கு இயந்திர வின்ச் ஒன்று அமைக்க எண்ணுபவர் முதலிற் கேட்கும் கேள்வி, "மாஸ்டர், எத்தனை குதிரைவலு மோட்டர் வாங்கலாம்?" என்பதாகும். கேள்வி இயல்பானதே. ஆயினும் அது கடைசியிற் கேட்கவேண்டிய கேள்வி. மோட்டரை முதலில் வாங்கிவிட்டுப் பின்னர் அதற்கேற்ற சங்கிலியையும் பற்சில்லையும் பழைய இரும்புக் கடையில் தேடுபவர்கள் பணத்தை இழக்கிறார்கள். சில வேளைகளிற் கைவிரலையும் இழக்கிறார்கள். படகிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மோட்டரை நோக்கிச் செல்வதே நேர்வழி. அவ்வழியைத்தான் இன்றைய பேச்சில் விளக்க விரும்புகிறேன். கலைப் பட்டதாரியாகிய என்னால் இதனைச் சொல்லமுடிகிறதென்றால், இதில் வரும் கணக்குப் பெருக்கலையும் வகுத்தலையும் தாண்டியதன்று என்பதே காரணம். தாளும் பென்சிலும் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாடைக் காற்று எழும் மாதங்களில் நமது வடகரையிற் படகுகளை அலைக்கெட்டாத இடத்துக்கு ஏற்றியே ஆகவேண்டும். முன்னர் இருபது தோள்கள் சேர்ந்து, அம்பா பாடி, ஒரே மூச்சில் இழுத்த வேலை அது. இன்று அந்த இருபது தோள்களை ஒரே நேரத்தில் ஒரே துறையிற் கூட்டுவது எளிதன்று. ஆகவே வின்ச் வேண்டப்படுகிறது. கரைவலையை இயந்திரத்தால் இழுப்பது பற்றி நமது கரைகளிற் பெரும் சர்ச்சை இருந்துவந்துள்ளது. அது வேறு வழக்கு. வலையையும் மீனையும் தொழிலாளரின் கூலியையும் பற்றியது. நான் பேசுவது படகை இழுக்கும் வின்சைப் பற்றி மட்டுமே.

முதலில், இழுவை எவ்வளவு என்று அறியவேண்டும். படகின் நிறை வேறு, அதை இழுக்கத் தேவையான விசை வேறு. வெளியிணைப்பு இயந்திரம், எரிபொருள், நனைந்த வலை எல்லாம் சேர்ந்து ஒரு கண்ணாடியிழைப் படகு 900 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். கரை ஆறடிக்கு ஓரடி உயர்கிறதென்றால், ஏற்றத்துக்காக மட்டும் நிறையின் ஆறிலொரு பங்கு, அதாவது 150 கிலோகிராம் நிறைக்குச் சமமான இழுவை வேண்டும். இதற்கு மேல் உராய்வு உண்டு. கொழுப்புத் தடவிய கட்டைகளின்மேல் இழுத்தால் அது நிறையின் பத்திலே மூன்று பங்கென்று கொள்ளலாம், அது 270. இரண்டும் சேர்ந்து 420. ஆனால் ஈரமணலில் அமிழ்ந்து கிடக்கும் அடிக்கட்டையைப் பெயர்த்தெடுக்கும் அந்த முதற் கணத்துக்கு இது போதாது. ஆகவே 600 என்று எடுத்துக்கொள்வோம். ஓர் ஆள் நன்றாகக் காலூன்றி 30 கிலோகிராம் அளவு இழுப்பாரென்றால் இது 20 பேருடைய வேலை. பழைய கணக்குடன் ஒத்துவருகிறதல்லவா? இயலுமாயின் ஊகத்தை நம்பாது, கயிற்றின் நடுவே ஓர் இழுவைத் தராசைக் கட்டி உண்மையில் அளந்துகொள்வதே மேல். இயந்திரக் கணக்குக்கு நியூற்றன் என்ற அலகு வசதியானது. ஒரு கிலோகிராம் நிறை ஏறக்குறைய 10 நியூற்றன். நமது இழுவை 6,000 நியூற்றன்.

இரண்டாவது, எவ்வளவு விரைவாக இழுக்கவேண்டும்? இங்கே அவசரம் ஆகாது. படகின் இரு பக்கங்களிலும் ஆட்கள் பிடித்துவரவேண்டும். கட்டைகளைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் இடவேண்டும். நிமிடத்துக்கு 10 மீற்றர் போதும். 40 மீற்றர்த் தூரம் நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும். கதியை இரட்டிப்பாக்கினால் மோட்டரின் வலுவும் இரட்டிப்பாகவேண்டும். இரண்டு நிமிடங்களை மிச்சப்படுத்த இரண்டு மடங்கு பணம்.

வலு என்பது விசையைக் கதியாற் பெருக்கிய தொகை. ஜேம்ஸ் உவாற்று என்பவர் தமது நீராவி இயந்திரங்களைக் குதிரைகளோடு ஒப்பிட்டு விற்பதற்காக வகுத்த குதிரைவலு, இன்றைய அலகில் 746 உவாற்று ஆகும். நிமிடத்துக்கு 10 மீற்றர் என்பது வினாடிக்கு ஆறிலொரு மீற்றர். 6,000 நியூற்றனை அதனாற் பெருக்கினால் 1,000 உவாற்று. ஒன்றரைக் குதிரைவலுவுக்கும் குறைவு! இத்துடன் நிறுத்திவிட்டு ஒன்றரைக் குதிரைவலு மோட்டரை வாங்குபவர் உண்டு. அவருடைய படகு அசையாது. ஏனெனில் 1,000 உவாற்று என்பது வடத்தில் வேண்டிய வலு. மோட்டருக்கும் வடத்துக்கும் இடையில் உள்ளவை யாவும் தத்தம் பங்கைப் பிடித்துக்கொள்ளும். திருகுபோன்ற புரியொன்று பற்சில்லைச் சுழற்றும் 'வோம் கியர்'ப் பெட்டி, தனக்குக் கிடைத்த வலுவில் மூன்றிலொரு பங்கையும் வெப்பமாக்கிவிடக்கூடும். அதன் வினைத்திறனை நூற்றுக்கு 65 என்று கொள்வோம். சங்கிலிக்கு 95, வடம் சுற்றும் உருளையின் அச்சுக்கு 95. மூன்றையும் பெருக்கினால் நூற்றுக்கு 59 அளவே எஞ்சுகிறது. ஆகவே மோட்டர் 1,700 உவாற்று தரவேண்டும். சந்தையிற் கிடைக்கும் அடுத்த பெரிய அளவு 2,200 உவாற்று, அதாவது மூன்று குதிரைவலு. கேள்விக்கு விடை வந்துவிட்டது. ஆனால் வின்ச் இன்னும் வரவில்லை.

துலா மிதித்தவர்களுக்கு அடுத்த படியை விளக்கத் தேவையில்லை. நீண்ட பக்கத்தில் நெடுந்தூரம் நடந்தால், குறுகிய பக்கத்திற் பெரும்பாரம் சிறு தூரம் எழும். தூரத்தைக் கொடுத்து விசையை வாங்கும் வாணிகம் அது. பற்சில்லுகளும் அதனையே செய்கின்றன. நமது மின்சாரம் வினாடிக்கு 50 அலைவு உள்ளது. அதில் ஓடும் சாதாரண நான்குமுனைவு மோட்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,440 தரம் சுழலும். வடம் சுற்றும் உருளையின் விட்டம் 200 மில்லிமீற்றர் என்றால் அதன் சுற்றளவு 628 மில்லிமீற்றர். நிமிடத்துக்கு 10 மீற்றர் சுருட்ட 16 சுற்றுப் போதும். 1,440ஐ 16 ஆக்கவேண்டும். அதாவது 90க்கு 1. இதனைச் சங்கிலியால் மட்டும் செய்ய முயல்வது வீண். ஒரு சோடிச் சங்கிலிப் பற்சில்லுகளில் ஆறு ஏழு மடங்குக்கு மேற் குறைப்பது நல்லதன்று. 30க்கு 1 குறைக்கும் கியர்ப் பெட்டியை மோட்டருடன் பொருத்தினால் வெளிவருவது 48 சுற்று. அதன்பின் 17 பல்லுள்ள சிறிய சில்லும் 51 பல்லுள்ள பெரிய சில்லும் வைத்தால் 48 என்பது 16 ஆகிவிடும்.

ஏன் 17 பல்? ஒன்பது பற்சில்லு விலை குறைவல்லவா என்று கேட்கலாம். சங்கிலி வட்டமாக வளைவதில்லை, பலகோணமாகவே வளைகிறது. ஒன்பது மூலையுள்ள சில்லொன்று உருண்டால் எப்படிக் குலுங்குமோ, அப்படிச் சங்கிலியின் கதியும் ஒவ்வொரு பல்லுக்கும் கூடிக் குறையும். ஒன்பது பல்லில் இந்த ஏற்றத்தாழ்வு நூற்றுக்கு 6. பதினேழு பல்லில் 2க்கும் குறைவு. இக்குலுக்கமே சங்கிலியை நாளடைவிற் கொல்வது. தவிரவும், சிறிய சில்லானது அதே பாரத்துக்குச் சங்கிலியைக் கூடுதலாக இழுப்பதால், கியர்ப் பெட்டியின் அச்சையும் வளைக்கும்.

இனிச் சங்கிலிக்கு வருவோம். இங்கே சற்றுத் தாமதித்துச் செல்லவேண்டியிருக்கிறது. இன்று சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஆலைகளிலும் ஓடும் உருளைச் சங்கிலியை, சுவிற்சர்லாந்திற் பிறந்து மான்செஸ்ரரிற் குடியேறிய ஹான்ஸ் ரெனோல்ட் என்பவர் 1880ஆம் ஆண்டில் அமைத்தார். பக்கத் தகடுகள், அவற்றைக் கோக்கும் முளை, முளையைச் சூழ்ந்த உறை, உறையின்மேற் சுழலும் சிறு உருளை என அதன் உறுப்புகள் மிகச் சிலவே. உருளை பல்லின்மேல் உரசாது உருண்டு செல்வதே அதன் சிறப்பு. ஒரு முளையின் நடுவிலிருந்து அடுத்த முளையின் நடுவரையுள்ள இடைவெளியே சங்கிலியின் அளவைக் குறிப்பது. மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் அது அரை அங்குலம். சைக்கிளிலும் அரை அங்குலந்தான். எனவே இடைவெளியை மட்டும் பார்த்துச் சங்கிலியின் பலத்தைக் கணிக்கலாகாது. அகலத்தையும் முளையின் பருமனையும் பார்க்கவேண்டும்.

கிடைப்பது மோட்டார் சைக்கிள் சங்கிலி. அதை மாட்டினால் என்ன? கணக்கிட்டுப் பார்ப்போம். அரை அங்குல இடைவெளியில் 51 பல்லுள்ள சில்லின் விட்டம் ஏறக்குறைய 206 மில்லிமீற்றர். நமது உருளையின் விட்டம் 200. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே வடத்தில் 6,000 நியூற்றன் இருக்கும்போது சங்கிலியிலும் ஏறக்குறைய அவ்வளவே இருக்கும். அச்சின் உராய்வையும் சேர்த்தால் 6,100. இவ்வகைத் தொழிற்சாலைச் சங்கிலி அறுவதற்குத் தாங்கவேண்டிய ஆகக் குறைந்த இழுவையைச் சர்வதேசத் தரம் 17,800 நியூற்றன் என வகுத்துள்ளது. மூன்று மடங்குக்கும் குறைந்த பாதுகாப்பே உண்டு. முக்கால் அங்குலச் சங்கிலியானால் அதே 51 பல்லுச் சில்லு பெரிதாகி, இழுவை 4,100 ஆகக் குறைகிறது. தாங்கும் அளவோ 28,900. ஏழு மடங்கு. ஓரங்குலச் சங்கிலியில் இழுவை 3,100க்குள், தாங்குவது 60,000. இருபது மடங்குக்குச் சற்றுக் குறைவு.

மூன்று மடங்கு போதாதா என்று நினைப்பவர் ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கவேண்டும். படகின் அடிக்கட்டை மணலுக்குள் மறைந்திருந்த பாரொன்றில் மாட்டிக்கொள்கிறது. வடம் விறைக்கிறது. மோட்டருக்குக் கல்லும் தெரியாது, படகும் தெரியாது. தூண்டல் மோட்டரின் இயல்பு யாதெனில், பாரம் கூடினால் அது உடனே சோர்ந்து நிற்பதில்லை. தனது சாதாரண முறுக்கத்தைப்போல் இரண்டு, இரண்டரை மடங்குவரை தந்து பார்த்துவிட்டே நிற்கும். நமது 2,200 உவாற்று மோட்டர் இரண்டரை மடங்கு முறுக்கினால், இழப்புகளைக் கழித்தபின்னும் வடத்தில் 19,000 நியூற்றனுக்கு மேல் வரும். இரண்டு தொன் நிறைக்கு ஏறக்குறையச் சமம். அப்போது அரை அங்குலச் சங்கிலியில் ஏற்படும் இழுவை 19,800. அது தாங்குவதாகத் தரம் உறுதி சொல்வது 17,800 மட்டுமே. புதுச் சங்கிலியின் நிலையே இதுவென்றால், உப்புக்காற்றில் ஓராண்டு கிடந்ததன் நிலை சொல்லவேண்டியதில்லை. அதாவது, அந்த வின்சில் உள்ள மோட்டரே அதன் சங்கிலியை அறுக்க வல்லது. மூன்று குதிரைவலுவுக்குப் பதிலாக "எதற்கும் இருக்கட்டும்" என்று ஐந்து வாங்கிப் பூட்டுபவர், பாதுகாப்பைக் கூட்டவில்லை. வடத்தையும் சங்கிலியையும் அறுக்கும் வலுவையே கூட்டுகிறார். முக்கால் அங்குலம் இந்நிலையையும் தாங்கும். ஆயினும் கடற்கரைக்கு நான் ஓரங்குலத்தையே சொல்வேன். துருப் பிடித்துப் பாதி பலத்தை இழந்தபின்னும் அதில் இடமிருக்கும். விலை வித்தியாசம் ஒரு நாள் மீன்பாட்டுக்குள் அடங்கிவிடும்.

சங்கிலியைக் கியர்ப் பெட்டிக்கு முன்னால், மோட்டரின் பக்கத்தில் வைத்தால் மெல்லிய சங்கிலி போதாதா என்று கேட்கும் கெட்டிக்காரரும் உளர். உண்மைதான். வேகமாக ஓடுமிடத்தில் அதே வலுவுக்கு இழுவை சிறிது. ஆனால் அப்போது உருளையைச் சுழற்றும் 600 நியூற்றன் மீற்றர் முறுக்கம் முழுவதையும் கியர்ப் பெட்டியே தாங்கவேண்டும். அத்தகைய பெட்டியின் விலை, சங்கிலியில் மிச்சம்பிடித்ததைப்போலப் பன்மடங்காகும். தவிர, 1,440 சுற்றில் ஓடும் சங்கிலி மணற்காற்றில் நெடுநாள் உழைக்காது.

மோட்டரைப் பற்றிச் சில சொற்கள். 'திறீ பேஸ்' எனப்படும் மூன்றுகலை இணைப்புக் கிடைக்குமாயின் அதனையே கொள்க. மோட்டர் எளிது, தொடக்க முறுக்கம் நல்லது, திசைமாற்றமும் எளிது. வீட்டுக்கு வரும் ஒருகலை இணைப்பானால், தொடங்குவதற்கெனத் தனிக் கொள்ளளவி பூட்டிய மோட்டரே வேண்டும். மின்விசிறியிற்போல எப்போதும் இணைந்திருக்கும் ஒரே கொள்ளளவியுடைய மோட்டர், பாரத்துடன் கிளம்ப மறுத்து முனகிக்கொண்டே சூடாகிவிடும். இன்னொரு பொல்லாங்கும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஒருகலை மோட்டரின் திசைமாற்றும் ஆளியைத் திருப்பினால் அது பெரும்பாலும் திசை மாறாது. பழைய திசையிலேயே தொடர்ந்து ஓடும். முற்றாக நின்றபின்னரே திருப்பவேண்டும். ஆபத்து நேரத்தில் "பின்னுக்கு விடு" என்று கத்துவதால் அங்கே பயனில்லை. "நிறுத்து" என்பதே கட்டளையாக இருக்கவேண்டும்.

வீட்டிலிருந்து கடற்கரைக்கு மெல்லிய கம்பியை நூறு மீற்றர் இழுத்துச் செல்வது மற்றொரு கேடு. மோட்டரின் முறுக்கம் வோல்ற்றளவின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ற்று கம்பியிலே தேய்ந்து 184 ஆகிவிட்டால், குறைந்தது ஐந்திலொரு பங்குதான். முறுக்கமோ நூற்றுக்கு 64 ஆகிவிடும். கிளம்பும்போது மோட்டர் தனது சாதாரண மின்னோட்டத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கேட்கும். தேய்வு மிகுவதும் அப்போதுதான். மோட்டரைப் பெரிதாக்குவதற்கு முன் கம்பியைத் தடிப்பாக்குக. மின்சாரம் எட்டாத துறையில் லான்ட்மாஸ்டர் எனப்படும் இருசில்லு உழவு இயந்திரத்தின் என்ஜினோ, சிறிய பெற்றோல் என்ஜினோ உதவும். ஆனால் என்ஜின் பாரத்துடன் கிளம்பாது. இடையில் கிளச் வேண்டும். 3,600 சுற்றில் ஓடும் பெற்றோல் என்ஜினுக்குக் குறைப்பும் 90 போதாது, 225 வேண்டும். மூன்று குதிரைவலு மோட்டர் செய்யும் வேலைக்கு ஐந்து அல்லது ஆறு குதிரைவலு என்ஜின் கொள்வது நன்று. கார் கிளப்பும் மோட்டரைப் பழைய கடையில் வாங்கி வின்சுக்கு வைப்பவர்களும் உண்டு. அது சில வினாடிகளே உழைக்கப் பிறந்தது. நான்கு நிமிட வேலைக்கு அதனை இடுவது அதனை எரிப்பதற்கே.

இனி, தடுப்பு. மின்சாரம் நின்றால், சங்கிலி அறுந்தால், ஏற்றத்தின் நடுவே நிற்கும் படகை எது பிடித்திருக்கும்? வோம் கியர் பின்னோக்கிச் சுழலாது என்று பலர் நம்புகின்றனர். எண்ணெய் ஊறி, அதிர்வும் பட்டால், பல கியர்ப் பெட்டிகள் மெல்ல மெல்லப் பின்சுழலும். மோட்டரின் பின்புறத்தில் மின்தடுப்பு இருந்தாலும், அறுவது சங்கிலியாயின் அத்தடுப்பால் ஆவது ஒன்றுமில்லை. ஏனெனில் அது பிடித்திருப்பது அறுந்த சங்கிலியின் மறுபக்கத்தை. ஆகவே தடுப்பு, வடம் சுற்றும் உருளையிலேயே இருக்கவேண்டும். உருளையின் ஓரத்தில் வாள்பற் போன்ற சில்லொன்றை ஒட்டி, முன்னோக்கி உருள்கையில் 'டக் டக்' என்று தாண்டிச் சென்று, பின்னோக்கித் திரும்பினால் உடனே விழுந்து கொளுவும் இரும்பு நாக்கொன்றை வைப்பது கொல்லருக்கு அரிய வேலையன்று. படகை இறக்குவதற்குப் பட்டைத் தடுப்பொன்றும் அதே உருளையில் வேண்டும்.

வடத்தைப் பற்றி விரிக்க நேரமில்லை. கம்பிவடம் பத்து மில்லிமீற்றர் என்றால் 200 மில்லிமீற்றர் உருளை அதற்குப் போதும். இதைவிடச் சிறிய உருளை கம்பியை முறிக்கும். எவ்வளவு இழுத்துவிட்டாலும் உருளையில் மூன்று சுற்று எஞ்சியிருக்கவேண்டும். நைலோன் கயிறு இழுபட்டு நீண்டு, அறுந்தால் சவுக்குப்போல் திரும்பி வருவது. வடத்தின் நேரிலும் அதன் வளைவின் உட்புறத்திலும் சிறுவர்களை நிற்கவிடலாகாது. சங்கிலியையும் பற்சில்லுகளையும் தகட்டுப் பெட்டியால் மூடிவிடவேண்டும். பெட்டி மணலைத் தடுப்பதற்கு மட்டுமன்று; சாரத்தின் தொங்கல் நுனி ஒருமுறை சில்லிற் பிடிபட்டால், 48 சுற்று என்பது மெதுவான வேகமாகத் தோன்றாது.

சங்கிலியின் வெளிப்புறத்தில் கிறீசைத் தடிப்பாக அப்புவது நமது வழக்கம். கிறீசில் மணல் ஒட்டினால் அது அரத்தின் வேலையைச் செய்யும். தேய்வு நிகழ்வது முளைக்கும் உறைக்கும் இடையே. ஆகையால் மெல்லிய எண்ணெய் தகடுகளின் இடுக்கு வழியாக உள்ளே ஊறவேண்டும். சங்கிலி 'நீண்டுவிட்டது' என்கிறோமே, உண்மையில் தகடுகள் நீள்வதில்லை. முளைகள் தேய்வதால் ஒவ்வொரு கணுவும் சிறிது இளகுகிறது. ஓரங்குலச் சங்கிலியில் 12 கணு, புதிதாக இருக்கையிற் சரியாக 12 அங்குலம். அளவுநாடாவில் அது பன்னிரண்டேகால் ஆனால் சங்கிலியைக் கழித்துவிடுக. ஒரு கணுவை வெட்டிக் குறுக்கி மீண்டும் மாட்டுவது கணக்காகாது; தேய்ந்த சங்கிலி புதிய பற்களையும் தின்றுவிடும்.

எல்லாம் பூட்டி முடிந்தபின், வாடை தொடங்குவதற்கு முன்னர், அமைதியான நாளொன்றிற் படகைச் சரிவின் பாதிவரை இழுத்து, படகின் பின்னே எவரும் நில்லாதபடி பார்த்து, மோட்டரை நிறுத்துங்கள். உருளையின் விளிம்பிலும் அதன் தாங்கியிலும் நேருக்கு நேராகச் சோக்கினால் ஒரு கோடு கீறுங்கள். முதலில் இரும்பு நாக்கை விழுத்திப் பத்து நிமிடம். பின்னர் நாக்கைத் தூக்கிப் பட்டைத் தடுப்பை மட்டும் நம்பிப் பத்து நிமிடம். கோடுகள் விலகினால் பட்டையை இறுக்கி மீண்டும் பாருங்கள். புதுச் சங்கிலி முதற் சில நாட்களில் எப்படியும் சற்று இளகும். ஒரு வார வேலைக்குப் பின் அதன் தொய்வை மறுபடி அளந்து, மோட்டரின் அடித்தளத்தைச் சிறிது பின்னகர்த்தி இறுக்கவேண்டியிருக்கும். அதற்காக அடித்தளத்தின் ஆணித்துளைகளை வட்டமாகத் துளையாது நீளமாக வெட்டி வைக்கும்படி கொல்லரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள்.